68,000 ரூபாயும் ஒரு தவணையும்: ஜியோஜீப்ராவோடு நான் பட்ட பாடு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் உள்ள ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். வீடு களுவாஞ்சிகுடிப் பக்கம். தினமும் காலையில் பட்டிருப்புப் பாலத்தால் வாவியைக் கடந்து ஸ்கூட்டியில் போய்வருகிறேன். 2025 ஆம் ஆண்டு என் தரம் 10 வகுப்பில் 34 பிள்ளைகள். அவர்களுக்கு வரைபையும் வட்டத்தையும் கொம்பியூட்டரில் காட்டி விளங்கவைக்கலாம் என்று புறப்பட்டு, கைக்காசு 68,000 ரூபாயையும் ஒரு தவணையின் பெரும்பகுதியையும் தொலைத்தேன். கேட்டு நடக்க ஆள் இருக்கவில்லை. இருந்திருந்தால் பாதிக் காசாவது மிஞ்சியிருக்கும். இதை வாசிக்கிற ஆசிரியர் யாராவது ப்ரொஜெக்டர் விலை விசாரித்துக்கொண்டிருந்தால், கொஞ்சம் பொறுத்து முழுவதையும் வாசித்துவிட்டுப் போங்கள்.

தொடக்கம் போனில் பார்த்த ஒரு காணொளி. யாரோ ஓர் ஆசிரியர் ஒரு சிறிய பொத்தானை இடமும் வலமும் இழுக்க, திரையில் பரவளைவு ஒடுங்கி, விரிந்து, தலைகீழாகக் கவிழ்ந்தது. பதினான்கு வருடமாக நான் சோக்கட்டியால் கரும்பலகையில் கீறும் பரவளைவு எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்த சட்டி மாதிரித்தான் வரும். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. தேடிப் பார்த்ததில் அது ஜியோஜீப்ரா என்ற மென்பொருள் என்று தெரிந்தது. 2001 அளவில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்பவர் தன் முதுமாணிப் படிப்புக்காகத் தொடங்கியது. கேத்திரகணிதத்தையும் (ஜியோமெட்ரி) அட்சரகணிதத்தையும் (அல்ஜீப்ரா) சேர்த்து வைத்த பெயர். வகுப்பறைப் பாவனைக்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. இலவசம்தானே, பிறகென்ன என்று நினைத்தேன். மென்பொருள் இலவசம்தான். அதைப் பிள்ளைகளின் கண்ணுக்குக் கொண்டுபோகும் வழிதான் என் காப்பை அடகுக்கு அனுப்பியது.

தம்பி பாவித்துவிட்டுத் தந்த பழைய லப்டொப் ஒன்று வீட்டில் இருந்தது. தேவைப்பட்டது ப்ரொஜெக்டர். பெரிய ப்ரொஜெக்டர் என் சம்பளத்துக்கு எட்டாது. இணையத்தில் விளம்பரம் பார்த்து, கையில் தூக்கிப்போகும் அளவில் ஒன்றை 36,500 ரூபாய்க்கு எடுத்தேன். “9,000 லூமன்” என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. என் கணவர் மட்டும் “இவ்வளவு வெளிச்சமென்றால் இவ்வளவு மலிவா?” என்று கேட்டார். நான் காதில் வாங்கவில்லை. லப்டொப்பில் விஜிஏ துவாரம், ப்ரொஜெக்டரில் எச்டிஎம்ஐ துவாரம். இடையில் பூட்ட ஒரு மாற்றி வாங்கினேன், 1,900 ரூபாய். பூட்டினால் படமே வரவில்லை. இரண்டு இரவு மல்லுக்கட்டிய பிறகுதான் தெரிந்தது, நான் வாங்கியது எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றுவது. எனக்கு வேண்டியது மற்றப் பக்கம். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. கடைக்குப் போகும்போது லப்டொப்பையும் கையோடு கொண்டுபோய் அங்கேயே பூட்டிப் பாருங்கள். எனக்கு இன்னொரு 2,100 ரூபாய் போனது.

முதல் முறை காட்டுவதற்கு நான் தெரிந்தெடுத்த நாள் 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. அறநெறி வகுப்பு முடிந்ததும் விசேட வகுப்பென்று பிள்ளைகளை வரச்சொன்னேன். இருபத்தேழு பேர் வந்தார்கள். ஸ்கூட்டியின் கால்வைக்கும் இடத்தில் ப்ரொஜெக்டர், முதுகுப்பையில் லப்டொப், ஹாண்டிலில் எக்ஸ்டென்ஷன் வயர் என்று ஊர்வலம்போலப் போய்ச் சேர்ந்தேன். எல்லாவற்றையும் பூட்டி, சுவரில் படம் விழுந்தது. விழுந்தது என்றா சொல்வது, சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் தெரிந்தது. எங்கள் வகுப்பறைகள் அரைச்சுவர். மேற்பாதி திறந்த வெளி. மட்டக்களப்பு வெயிலுக்கு அந்தக் குட்டிப் பெட்டி எந்த மூலைக்கு? பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னுக்கு வந்து நிற்க, பதினொன்றரை அளவில் மின்விசிறி நின்றது. ப்ரொஜெக்டர் போனது. பற்றரி செத்த லப்டொப்பும் கூடவே போனது. பாணந்துறையில் துணை மின்நிலையத்துக்குள் குரங்கொன்று புகுந்ததால் நாடு முழுக்க மின்சாரம் போனதென்று பிறகு செய்தியில் அமைச்சர் சொன்னார். குரங்குக்கும் என் வகுப்புக்கும் ஏதோ முற்பிறப்புப் பகை. அடுத்த நாளும் சுழற்சி முறையில் ஒன்றரை மணி நேரம் வெட்டினார்கள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் செலவழித்த காசு ஆளை விடாது. இன்னும் கொஞ்சம் போட்டால் சரிவந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். லப்டொப்புக்குப் புதுப் பற்றரி 14,500. நல்ல எக்ஸ்டென்ஷன் வயர் 2,400. வகுப்பறையை இருட்டாக்கக் கறுப்புத் துணியும் தையல்கூலியும் 5,800. காப்பு அடகுக்கு வட்டி 4,800. கூட்டிப் பாருங்கள், மொத்தம் 68,000. மே மாதம் கச்சான் காற்று தொடங்கியதும் அந்தக் கறுப்புத் துணி பாய்மரம்போல் படபடத்தது. உள்ளே 34 பிள்ளைகள் இருட்டில் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது நிமிடப் பாடவேளையில் பூட்டி முடிக்கவே பதினைந்து நிமிடம். ஒரு பையன் உண்மையாகவே நித்திரையாகிப் போனான். அவனைக் குறைசொல்ல மாட்டேன்.

வெளிச்சத்தைப் பற்றி இப்போது தெரிந்ததைச் சொல்கிறேன். லூமன் என்ற எண்ணை விற்பவர் விருப்பத்துக்குப் போடலாம். பார்க்கவேண்டியது நியம முறைப்படி அளந்த “அன்சி லூமன்” (ANSI) என்ற அளவு. வெளிச்சமான வகுப்பறைக்கு அது 3,000 அளவிலாவது இருக்கவேண்டும். பெட்டியில் “அன்சி” என்ற சொல்லே இல்லையென்றால் அந்தப் பெரிய எண்ணை நம்பாதீர்கள். பகலில், உங்கள் சொந்த வகுப்பறையில், கடைசி வாங்கிலிருந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். இன்னொன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. யூன் மாதம் வேறொரு அலுவலாக அதிபரின் அறைக்குப் போனபோது, அலுமாரிக்குப் பின்னால் 32 அங்குல டிவி ஒன்று தூசி படிந்து கிடந்தது. பழைய மாணவர்கள் எப்போதோ தந்ததாம். பின்பக்கம் பார்த்தால் விஜிஏ துவாரமும் இருந்தது. மாற்றியே தேவையில்லை. “நீங்கள் கேட்கவில்லையே டீச்சர்” என்றார் அதிபர். உண்மைதான், நான் கேட்கவில்லை. ஒருவரிடமும் சொல்லாமல் செய்து காட்டவேண்டும் என்ற ஒரு வீம்பு எனக்கு.

டிவி வந்ததும் படம் பளிச்சென்று தெரிந்தது. பன்னிரண்டு பேரை முன்னுக்கு இருத்தி, மற்றவர்களுக்குக் கொப்பியில் வேலை கொடுத்து, மாறி மாறிக் காட்டினேன். எக்ஸ் வர்க்கத்துக்கு முன்னால் நிற்கும் எண்ணான குணகத்தை இழுத்தேன், பரவளைவு ஒடுங்கியது. சயப் பெறுமானத்துக்கு, அதாவது மைனஸ் எண்ணுக்குக் கொண்டுபோனேன், கவிழ்ந்தது. பிள்ளைகள் “ஆ...” என்றார்கள். “விளங்கினதா?” என்று கேட்டேன். “ஓம் டீச்சர்” என்று வகுப்பே சொன்னது. பட்ட கடனெல்லாம் அந்த ஒரு “ஓம்” சொல்லில் தீர்ந்துபோனது மாதிரி இருந்தது.

இரண்டு கிழமை கழித்து நானே ஒரு பரீட்சை வைத்தேன். வை சமன் இரண்டு எக்ஸ் வர்க்கம் சய மூன்று என்ற சார்பின் வரைபை, எக்ஸ் சய இரண்டிலிருந்து இரண்டு வரை கீறவேண்டும். பெறுமானங்கள் 5, −1, −3, −1, 5. பெரிய கணக்கொன்றுமில்லை. திருத்திக்கொண்டு போனேன். பதினெட்டு விடைத்தாளில் ஐந்து புள்ளியையும் அடிமட்டம் வைத்து இணைத்திருந்தார்கள். கூரான அடியோடு, ஒரு தோணியின் வெட்டுமுகம்போல. சிலர் சய இரண்டின் வர்க்கத்தைச் சய நான்கென்று போட்டு ஒரு பக்கத்தையே கீழே இறக்கியிருந்தார்கள். போன வருடம் சோக்கட்டியால் மட்டும் படித்த பிள்ளைகள் இதைவிட நன்றாகச் செய்திருந்தார்கள். மேசையில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அப்படியே இருந்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம். அந்தக் கிழமை ஒரு தகப்பன் வட்டையிலிருந்து நேராக, காலில் சேறு காயாமல் வந்து கேட்டார்: “டீச்சர், புள்ள கணக்குப் படிக்குதா, படம் பாக்குதா?” பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிழை எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு இன்னொரு தற்செயல் தேவைப்பட்டது. ஒருநாள் இடைவேளையில், பின்வாங்கில் இருக்கும், அதிகம் வாய்திறக்காத ஒரு பிள்ளை மவுஸைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. திரையில் இருந்தது வை சமன் மூன்று எக்ஸ் வர்க்கம். மவுஸின் உருளையை அவள் சுழற்றினாள். “டீச்சர், குணகத்தை நான் தொடவேயில்ல. மறுகா ஏன் இது அகண்டு போச்சு?” பார்த்தேன். உருளையைச் சுழற்றியதில் திரை மூன்று மடங்கு அளவில் பெருத்திருந்தது, மூன்று எக்ஸ் வர்க்கம் அச்சொட்டாக எக்ஸ் வர்க்கம் மாதிரியே தெரிந்தது. அச்சில் இருக்கும் எண்களைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். எல்லாப் பரவளைவும் ஒரே வடிவம்தான், உருப்பெருக்கம் மட்டுமே வேறு என்று பல்கலைக்கழகத்தில் நானும் படித்திருக்கிறேன். ஆனால் இத்தனை நாளும் என் பிள்ளைகள் எண்களைப் பார்க்கவில்லை, ஒரு கோடு நெளிவதை மட்டும் பார்த்தார்கள் என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான் இழுத்தேன், அவர்கள் பார்த்தார்கள். கோயில் திருவிழாவில் வாணவேடிக்கை பார்த்த மாதிரி.

அன்றிலிருந்து ஒழுங்கை மாற்றினேன். இப்போது டிவி கடைசியில்தான் வரும். முதலில் வரைபுத்தாளில் எல்லோரும் அட்டவணை போட்டு, புள்ளி குறித்து, கையால் வளைகோடு கீறவேண்டும். கீறிய பிறகு அதே ஐந்து புள்ளிகளை ஜியோஜீப்ராவில் நான் இடுவேன், கோடு போடமாட்டேன். “எக்ஸ் அரை என்றால் வை எவ்வளவு?” என்று கேட்பேன். கணித்துச் சொல்வார்கள்: சய இரண்டரை. அந்தப் புள்ளியையும் இடுவேன். இப்படிக் காலும் அரையுமாக ஏழெட்டுப் புள்ளி விழுந்ததும் அடிமட்டம் பிடித்தவர்கள் தாங்களாகவே இறேசரைத் தேடுவார்கள். அப்புறம்தான் சார்பைத் தட்டச்சு செய்வது. குணகத்தை இழுக்கும் முன்னும் ஒரு கேள்வி: ஒன்றை மூன்றாக்கினால் வரைபு அகலுமா, ஒடுங்குமா? கொப்பியில் எழுதி, பேனையை வைத்த பிறகுதான் இழுப்பேன். முதல் முறை கேட்டபோது 34 பேரில் 25 பேர் அகலும் என்று எழுதினார்கள். எண் பெருத்தால் படமும் பெருக்கும் என்பது அவர்கள் கணக்கு. பிழையாக எழுதியவர்கள்தான் இழுக்கும்போது கண்வெட்டாமல் பார்த்தார்கள், “ஏன்?” என்றும் கேட்டார்கள். எக்ஸ் ஒன்றாகும்போது வை முன்பு ஒன்று, இப்போது மூன்று, அதே இடத்தில் மூன்று மடங்கு உயரம் ஏறவேண்டியிருக்கிறது என்று கடைசியில் அவர்களே சொல்லிவிட்டார்கள். பேனையை வைக்கச் சொல்லும் அந்த இரண்டு நிமிடம் இல்லாமல் அந்த இழுக்கும் பொத்தானை, சிலைடரைத் தொடவேண்டாம்.

பாடசாலைக் கணினி அறையிலும் ஒரு அடி வாங்கினேன். பதினொரு கணினி, வேலைசெய்வது ஆறு. எல்லாம் பழையவை. ஜியோஜீப்ராவின் புதிய ஆறாம் பதிப்பு அவற்றில் ஆமைபோல ஊர்ந்தது. கிளாசிக் 5 என்ற பழைய பதிப்பை வீட்டில் தரவிறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோனேன், இணையம் இல்லாமலே நன்றாக ஓடியது. ஒரு முழுச் சனிக்கிழமை இருந்து ஆறிலும் நிறுவி, பன்னிரண்டு பாடக் கோப்புகளைச் சேமித்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை திறந்தால் ஒன்றுமில்லை. நிறுத்தித் திறக்கும்போதெல்லாம் பழைய நிலைக்கே திரும்பும் வகையில் அந்தக் கணினிகளைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். வைரசுக்குப் பயந்து செய்த நல்ல காரியம்தான், ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தொழினுட்பப் பாட ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தச் சனிக்கிழமை மிஞ்சியிருக்கும். கோப்புகளைப் பென்டிரைவிலும் இன்னொரு இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேத்திரகணித அமைப்புகளில் நான் செய்தது இதைவிடப் பெரிய பிழை. ஒரு கோட்டின் செங்குத்து இருகூறாக்கியை ஜியோஜீப்ராவில் ஒரே சொடுக்கில் போட்டுக் காட்டினேன். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. பிறகு கொப்பியில் செய்யச் சொன்னால் நடுப்புள்ளியை அடிமட்டத்தால் அளந்து, மூலைமட்டம் வைத்துக் கோடு கீறுகிறார்கள். சாதாரண தரப் பரீட்சையில் கவராயத்தால் போட்ட வில் தெரியவேண்டும், இல்லாவிட்டால் புள்ளி இல்லை. இதற்கு வழி மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. கருவிப்பட்டையை நமக்கு வேண்டியபடி வெட்டிக் குறைக்கலாம். இப்போது என் கோப்புகளில் புள்ளி, நேர்கோடு, வட்டம் மூன்றுதான் இருக்கும். இருகூறாக்கி வேண்டுமா, இரண்டு வட்டம் போட்டு வெட்டும் இடத்தை இணை. கண்ணளவில் சதுரம் கீறியவர்களிடம் ஒரு மூலையைப் பிடித்து இழுக்கச் சொல்வேன். நான்கு புள்ளியை வெறுமனே வைத்தவனுடைய சதுரம் அந்த இடத்திலேயே கோணிப்போகும், செங்குத்துக் கோடும் வட்டமும் வைத்துச் செய்தவளுடையது பெருக்கும், சுழலும், சதுரமாகவே இருக்கும். இதைக் கரும்பலகையில் எந்தக் கொம்பனாலும் காட்டமுடியாது. கடன்பட்டதற்கு இது ஒன்றாவது கிடைத்தது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் முக்கோணியின் அகக்கோணங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். திரையில் 59.04, 72.26, 48.71 என்று மூன்று பாகை. கணக்கில் கெட்டிக்காரனான ஒரு பையன் கூட்டிப் பார்த்துவிட்டு எழும்பினான். “டீச்சர், 180.01 வருது.” வகுப்பு சிரித்தது. எனக்குத் திக்கென்றது. மென்பொருள் இரண்டு தசம தானத்துக்கு மட்டந்தட்டிக் காட்டுகிறது, மூன்றையும் தனித்தனியே மட்டந்தட்டினால் கூட்டலில் இப்படி ஒரு சொட்டுக் கூடவோ குறையவோ செய்யும் என்று சொன்னேன். சரி, தசமமே வேண்டாம் என்று அமைப்பை மாற்றினால் சில முக்கோணிகளில் 179 அல்லது 181 வரும், இன்னும் மோசம். முதலில் இதை மறைக்கத்தான் பார்த்தேன். இப்போது வேண்டுமென்றே காட்டுகிறேன். எத்தனை முக்கோணியை அளந்தாலும் அளவு அளவுதான், 180 என்று அடித்துச் சொல்லச் சமாந்தரக் கோடு போட்டு நிறுவத்தான் வேண்டும் என்பதைப் பிள்ளைகள் அந்த 0.01 பாகையிடம்தான் கற்றார்கள். நான் பத்து வருடம் சொல்லியும் ஏறாத விஷயம்.

இன்னொரு சின்ன விஷயம். கோணத்தை அளக்கும்போது புள்ளிகளைச் சொடுக்கும் ஒழுங்கு மாறினால் 50 பாகைக்குப் பதில் 310 காட்டும். வகுப்பின் நடுவில் இது நடந்தால் முழிக்கவேண்டிவரும், வீட்டிலேயே பழகிக்கொண்டு போங்கள். இரண்டு அச்சுக்கும் வெவ்வேறு அளவிடை வைத்தால் வட்டம் முட்டைபோலத் தெரியும், அதையும் கவனியுங்கள். ப்ரொஜெக்டரை விற்கப் பார்த்தேன், 11,000க்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. வீட்டு அலுமாரியில் கிடக்கிறது. கறுப்புத் துணி ஒளிவிழா நாடகத்துக்குப் பின்திரையாகப் போனது. காப்பை ஒருவாறு மீட்டுவிட்டேன்.

கடைசியாக வட்டப் பாடம். ஒரே வில் அமைக்கும் கோணம் மையத்தில் 100 பாகை, பரிதியில் 50 பாகை. பரிதிப் புள்ளியை இழுத்தால் 50 மாறாமல் நிற்பதைப் பார்த்தார்கள், இருமடங்குத் தேற்றத்தைத் தாங்களே எழுதினார்கள். இழுத்துக்கொண்டிருந்தது அதே பின்வாங்குப் பிள்ளை. நிறுத்தாமல் இன்னும் இழுத்தாள், புள்ளி வில்லைத் தாண்டி மற்றப் பக்கம் போனது. எண் ஒரேயடியாக 130 ஆனது. “டீச்சர், பிழைச்சிட்டு!” என்று கையை எடுத்துவிட்டாள். நான் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு கதிரையில் இருந்தேன். கிட்டத்தட்ட மூன்று நிமிடம் ஒருவரும் பேசவில்லை. பிறகு 180.01 பையன் திரைக்கு வந்து, மையத்தின் மற்றப் பக்கத்தை விரலால் சுற்றிக் காட்டினான். “இங்கால எண்ணினா 260 இருக்குடீ. பாதி 130தானே.”